சுவரைப் பார்த்த நாற்காலி

கதவு படபடவென்று இடிபட்டபோது ஐவி ஹாவர்த்தின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மாவுக்குள் இருந்தன. அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. கணப்பின் முன் சுருண்டிருந்த பூனை எழுந்து மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

"நார்மன்! வெளிய வாய்யா! நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும்!"

ரெஜ் டக்வொர்த்தின் குரல். கடைத்தெருவில் ஆணி, பூட்டு, மண்ணெண்ணெய் விற்பவன். 'ரயிலடி' பப் என்ற மதுக்கடையின் வினாடி வினா அணிக்குத் தலைவன். சனிக்கிழமை காலையில் கடையை அப்படியே விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறான் என்றால் சின்ன விஷயமாக இருக்காது.

நார்மன் மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தான். மூக்கின் நுனியில் கண்ணாடி, காதில் பென்சில்.

"ஏன்யா கதவை ஒடைக்கிற? மெதுவா தட்டினா எனக்குக் கேக்காதா?"

"முந்தாநேத்து வெள்ளைக் குதிரை டீம் ஜெயிச்சிடுச்சு. தெரியுமா?"

"தெரியாம என்ன? என் பொண்டாட்டி அந்த டீம்லதான் ஆடுறா."

"அதைத்தான்யா கேக்க வந்தேன். மூணு வாரம் கழிச்சு ஃபைனல்ல அவங்களும் நாங்களும். கேள்வித்தாள் யாரு தயார் பண்றது?"

"நான்."

"நீ எங்க தூங்குற?"

நார்மன் திருதிருவென்று விழித்தான். "என் வீட்லதான்."

"அவ எங்க தூங்குறா?"

ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள் அவை. எதிர்வீட்டு வாசலில் ஒருத்தி, ஏற்கெனவே மழை கழுவிவிட்ட படியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"ஒரு தலையணையில ரெண்டு தலை, நார்மன். ஒண்ணுல கேள்வி, இன்னொண்ணுல பதிலு. நடுவுல சுவரா கட்டி வெச்சிருக்க? நான் மட்டும் சொல்லல, ஊரே சொல்லுது."

நார்மனின் முகம் வெளுத்துவிட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சிரித்துக்கொண்டு போயிருப்பான். ஹெல்ம்ஷா பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்துக் குறித்தவன் அவன். எந்த வீட்டில் எவன் எழுந்திருக்காமல் படுத்திருக்கிறான், எவள் அழுத கண்ணோடு கதவைத் திறந்தாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. நார்மன் ஹாவர்த்திடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல் என்பார்கள். அவனிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

அதனால்தான் கேள்வித்தாள் பொறுப்பு அவனிடம் வந்தது. வட இங்கிலாந்து லங்காஷயரின் அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பப் உண்டோ அத்தனை அணி. வியாழக்கிழமைதோறும் ஆட்டம். இரண்டு பப் மோதினால், மோதாத ஒரு பப் கேள்விகளைத் தயார் செய்து உறையில் ஒட்டி அனுப்ப வேண்டும். நார்மனின் 'உழவன்' பப் ஜனவரியிலேயே தோற்று வெளியேறிவிட்டது. ஃபைனலுக்குத் தாள் வைக்கும் முறை அவர்களுக்கு வந்தது. வெள்ளைக் குதிரை ஃபைனல் வரை வரும் என்று அப்போது யாரும் கனவிலும் நினைக்கவில்லை. அது செருப்புத் தொழிற்சாலையின் தையல் கூடத்துப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்த அணி. முதல் வருஷம் அவர்கள் வந்து உட்கார்ந்தபோது, 'கேள்வி கேக்கறவருக்கு டீ போட வந்தீங்களா?' என்று கேட்டவர்கள் உண்டு.

"சரி," என்றான் நார்மன், தணிந்த குரலில். "வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன். இதுவரைக்கும் எழுதினதை அடுப்புல போட்டுடறேன்."

"குடுத்துப் பாரு!" மாவு ஒட்டிய கைகளோடு ஐவி வாசலுக்கே வந்துவிட்டாள். "குடுத்தா என்ன அர்த்தம்? ஆமா, நாங்க திருடத்தான் இருந்தோம், ரெஜ் வந்து காப்பாத்திட்டான்னு அர்த்தம்."

"ஐவி, நான் உன்னைத் திருடின்னு சொல்லல..."

"பின்ன என்ன, தலையணை விலை விசாரிக்க வந்தியா? கேட்டுக்க. இப்பவே எங்கக்கா ஆல்மா வீட்டுக்குப் போறேன். ஃபைனல் முடியற வரைக்கும் இந்த மனுஷன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். போதுமா?"

ரெஜ் தாடையைச் சொறிந்தான். "இவன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?"

"அடடா, அதுல வேற அக்கறை! உன் கடையில ஆணி இருக்குல்ல, அதைக் கொஞ்சம் வேகவெச்சு அனுப்பு."

எதிர்வீட்டுக்காரி இப்போது வாய்விட்டே சிரித்தாள்.

பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு ஐவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நார்மன் வாசல் வரை வந்தான். "அந்த மாவை என்ன பண்றது, கண்ணு?" என்று மட்டும் கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. சபதம் அந்த நிமிஷத்திலிருந்தே அமலுக்கு வந்துவிட்டது.

*

ஆல்மாவின் வீடு மேட்டில், மரமில்லாத மூர் புல்வெளி தொடங்கும் இடத்தில். அங்கே மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். ஆல்மா கணவனை இழந்தவள். தங்கையைப் போலவே தையல் கூடத்துக்காரி, வெள்ளைக் குதிரைக்கும் அவள்தான் தலைவி.

காலையில் இருவரும் ஒன்றாக பஸ் பிடித்து வேலைக்குப் போனார்கள். செருப்பின் விளிம்பில் போலி ரோமத்தை வைத்துத் தைப்பது ஐவியின் வேலை. பஞ்சு பறந்து மூக்கு, தொண்டை, தேநீர் எல்லாவற்றிலும் இறங்கும். ஒட்டுப் பசையின் நெடி தலையைச் சுற்றவைக்கும். அறுபது மெஷின் ஒன்றாக ஓடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தக் கூடத்தில் எல்லோரும் வாயசைவிலேயே பேசிக்கொள்வார்கள். அவர்களுடைய பயிற்சியும் அப்படித்தான். ஆல்மா இந்த வரிசையிலிருந்து உதட்டைப் பெரிதாக அசைத்து 'பல்கேரியாவோட தலைநகரம்?' என்பாள். ஊசி ஓடிக்கொண்டே இருக்க, அந்த வரிசையிலிருந்து மூன்று வாய்கள் 'சோஃபியா' என்று குவியும். எட்டாம் ஹென்றியின் மனைவிமார், எலும்புகளின் பெயர், குதிரைப் பந்தயம், விவிலியம். ஒரு ஜோடி செருப்புக்கு ஒரு கேள்வி. மேஸ்திரி பார்த்தால் வம்பளக்கிறார்கள் என்று நினைப்பான். கை நின்றால்தானே அவன் கேட்க முடியும்?

நார்மனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆல்மா 'மீட் பை' சுட்டுக் கொண்டுபோனாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மேலே மாவுப் போர்வை போட்டுச் சுட்டது. ஒரு ஞாயிறு தெருமுனையில் ரெஜ்ஜின் மனைவி குடையோடு நின்றிருந்தாள்.

"கொஞ்சம் திறந்து காட்டறியா, ஆல்மா? தப்பா நெனச்சுக்காத."

"நெனச்சா மட்டும் விட்டுடவா போற?"

ரெஜ்ஜின் மனைவி மேல் மாவை முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"என்ன தேடுற? ஐரோப்பாவோட நீளமான ஆறு அடியில ஓடுதா?"

"கடமைக்குப் பாக்குறேன். ...நல்லா மணக்குதே, என்ன போட்ட?"

"அதெல்லாம் ஃபைனல் முடிஞ்சு கேளு. இப்ப சொன்னா, நான் உனக்கு பதில் சொல்லிட்டேன்னு ஆயிடும்."

திரும்பி வந்து ஆல்மா இதை நடித்துக் காட்டினாள். ஐவி கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்து, "அவன் எப்படி இருக்கான்?" என்றாள்.

"எளைச்சுட்டான். சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கான். மாடியில புஸ்தகமா அடுக்கி வெச்சிருக்கான். ஒவ்வொரு பதிலையும் ரெண்டு புஸ்தகத்துல பாக்காம எழுத மாட்டானாம்."

"தெரியும்," என்றாள் ஐவி, கொஞ்சம் பெருமையாகவே.

பஸ் தினமும் அவர்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். ஐவி ஜன்னல் கண்ணாடியில் படிந்த மூச்சைக் கையால் துடைத்துவிட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் நார்மன் கம்பளிச் சட்டையைக் கைப்பகுதியில் தொங்கவிட்டு மழையிலேயே காயப்போட்டிருந்தான். இன்னொரு நாள் அவனே வாசலில் நின்றான். பஸ்ஸைக் கண்டதும் கையைத் தூக்கினான். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள். தூக்கிய கையைக் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டான்.

"பாவம்டி," என்றாள் ஆல்மா.

"எல்லாம் வர்ற வியாழக்கிழமை வரைக்கும்தான்," என்றாள் ஐவி. "நான் கப்போட அவன் முன்னாடி போய் நிக்கறேன் பாரு. அப்புறம் எவன் கதவைத் தட்டறான்னு பாக்கலாம்."

*

கூட்டுறவுச் சங்க ஹாலில் அன்று நிற்க இடமில்லை. ஈரக் கம்பளி, சிகரெட், பீர், வேகும் பட்டாணி என்று எல்லா வாடையும் கலந்து மூச்சு முட்டியது. மேடையில் இரண்டு நீள மேஜைகள். இந்தப் பக்கம் ரயிலடி ஆண்கள், டை கட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் வெள்ளைக் குதிரைப் பெண்கள், சர்ச்சுக்குப் போடும் உடுப்பில். நடுவில் கேள்வி கேட்கும் பெர்சி. பகலில் அவன் பஸ் கண்டக்டர். நாலு பேருக்கும் கேட்கும்படி நிறுத்தத்தின் பெயரைக் கத்திப் பழகிய குரல்.

மேடையின் மூலையில் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அது தாள் வைத்தவனுடைய நாற்காலி. கேள்வி கேட்கும்போது அவன் முகத்தில் ஓடுவதை எவரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த லீக்கில் அப்படி ஒரு வழக்கம். நார்மன் நல்ல கோட்டு போட்டு, தலையைப் படிய வாரி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கழுத்துப் பட்டை உள்ளே மடங்கியிருப்பதை ஐவி இங்கிருந்தே பார்த்தாள். எழுந்துபோய் எடுத்துவிடத் துடித்த கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

உட்காரும் இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். ஐவிக்குக் கடைசி நாற்காலி.

"ஒரு விஷயம்," என்று ரெஜ் எழுந்தான். "அவங்க மெஷின் சத்தத்துல வாயசைச்சே பேசிப் பழகினவங்க. தனிக் கேள்விக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கக் கூடாது."

"உன் முகத்தைப் பாக்கச் சொல்லாம இருந்தியே, அதுவே போதும்," என்றாள் ஆல்மா. ஹால் சிரித்தது. பெர்சி ஒத்துக்கொண்டான். தனிக் கேள்வி வரும்போது அவரவர் பெர்சியை மட்டும் பார்க்க வேண்டும். அவரவர் கேள்விக்குச் சரியாகச் சொன்னால் இரண்டு புள்ளி. தப்பினால் கேள்வி எதிர் மேஜைக்குப் போகும். அவர்கள் சொன்னால் ஒரு புள்ளி.

நார்மன் அருமையாகத் தாள் வைத்திருந்தான். தெரியாத கேள்வி வந்தால்கூட, பதிலைக் கேட்டதும் 'அட, ஆமால்ல!' என்று சொல்ல வைக்கும் கேள்விகள். அவ்வளவையும் அந்தச் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து பொறுக்கியெடுத்திருக்கிறான். ஐவிக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆட்டமே மறந்துபோனது. ஒவ்வொரு தடவை ஹால் 'ஓ' என்றபோதும் அந்த முதுகு இம்மியளவு நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் மீட் பையும் பட்டாணியும். பரிமாறியவள் டோரிஸ். மார்க்கெட்டில் மாட்டு இரைப்பைக் கடை வைத்திருப்பவள். நார்மனுக்குத் தட்டு சுவரோரமாகவே போனது.

மறுபாதியில் இரண்டு அணியும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிச் சுற்றின் கடைசிக் கேள்வி வந்தபோது ரயிலடி ஒரே ஒரு புள்ளி முன்னால். மிச்சம் இருந்தது ஐவியின் கேள்வி மட்டும். சொன்னால் கப்பு வெள்ளைக் குதிரைக்கு. ஹாலில் யாரோ இருமியது வெடிச்சத்தம் போலக் கேட்டது.

பெர்சி அட்டையைப் பார்த்துப் படித்தான்.

"மார்க்கெட்ல விக்குமே தேன்கூட்டு இரைப்பை, அறுகோண அறுகோணமா. அது மாட்டோட எத்தனையாவது வயிறு?"

ஐவிக்குப் பதில் தெரியும்.

இரண்டாவது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குளிர்காலம் டோரிஸுடைய அம்மாவின் பட்டறையில் கொப்பரைக்கு முன்னால் நின்று இதைக் கழுவி வேகவைத்தவள் அவள். முதல் வயிறு கம்பளிப் போர்வை மாதிரி இருக்கும். தேன்கூடு அதற்கு அடுத்தது.

ஆனால் பெர்சி கையில் இருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் வெங்காயமும் வினிகரும் போட்டு அந்தத் தட்டை முன்னால் வைக்கும்போது நார்மன் முள்கரண்டியால் தொட்டுக் காட்டுவான். 'இது முதல் வயிறு, ஐவி. புல்லு நேரா இங்கதான் வந்து விழும்.' முதல் வெள்ளிக்கிழமை அவன் சொன்ன அழகைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்புறம் சொல்லும் காலமே தாண்டிவிட்டது. சந்தேகம் வந்ததையெல்லாம் இரண்டு புத்தகத்தில் பார்க்கிறவன், வாராவாரம் சாப்பிடுவதைப் பற்றி எதற்குப் புத்தகத்தைத் திறக்கப்போகிறான்?

அப்படியானால் 'முதல்' என்று சொன்னால் கப்பு. ஆல்மாவுக்கு, மற்ற இரண்டு பேருக்கு, மெஷினுக்கு முன்னால் உதடு வலிக்கக் கற்ற அத்தனைக்கும்.

பட்டாணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் டோரிஸ் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பாள். புருஷன் எழுதியதும் தப்பு, பெண்டாட்டி சொன்னதும் அதே தப்பு என்று ஆகிவிட்டால், தாள் கசிந்தது என்று ஊரே முடிவு கட்டிவிடும், ரெஜ் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

"நேரம் ஆகுது, ஐவி," என்றான் பெர்சி.

அவள் அந்த முதுகைப் பார்த்தாள். இந்தத் தடவை அது நிமிர்ந்தே இருந்தது. கேள்வி தனக்குப் பிடித்தமானது என்பதால், பாவம், சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டாவது," என்றாள் ஐவி.

பெர்சி அட்டையைப் பார்த்தான். "இல்லை. அந்தப் பக்கம்."

ரயிலடி மேஜையில் தலைகள் கூடின. ரெஜ் தோளைக் குலுக்கினான். "முதல்?"

"சரி. ஒரு புள்ளி. கப்பு ரயிலடிக்கு."

ரயிலடிக்காரர்கள் கத்தத் தொடங்குவதற்குள் பட்டாணிப் பக்கத்திலிருந்து கரண்டி மேஜையில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"யோவ் பெர்சி! ரெண்டாவதுய்யா! எங்கம்மா காலத்துலேர்ந்து இதைத்தான் கழுவிக்கிட்டிருக்கோம், எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு சொன்னது சரி!"

"அட்டையில முதல்னு இருக்கு, டோரிஸ்."

"அட்டை என்னிக்காவது மாட்டை அறுத்துப் பாத்துதா?"

கீச்சென்று ஒரு சத்தம். நார்மன் நாற்காலியைத் திருப்பிவிட்டான். தாள் வைத்தவன் ஆட்டத்தின் நடுவே திரும்பியதை அந்த ஹால் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் டோரிஸைப் பார்த்தான், பிறகு ஐவியை.

"தப்பு என்னோடது," என்றான். "எல்லாத்தையும் ரெண்டு புஸ்தகத்துல பாத்தேன். இதை மட்டும் பாக்கல. இது தெரியும்னு நெனச்சுட்டேன். பெர்சி, அவங்க புள்ளியைக் குடுத்துடு."

"குடுக்கணும்யா!" ஆல்மா எழுந்து நின்றுவிட்டாள். "எங்க கப்பு அது!"

பெர்சி பரிதாபமாக விழித்தான். "அட்டையில இருக்கறதுதான் பதில், ஆல்மா. உழவனுக்கே போன வருஷம் ஒரு அட்டை தப்பா வந்துச்சு. மாத்தினோமா?"

"விடுக்கா," என்றாள் ஐவி. "இன்னிக்கு மாத்தினா, நார்மன் பொண்டாட்டிக்காக மாத்தினாங்கன்னு பேசுவாங்க. அட்டைன்னா அட்டைதான்."

ஆல்மா தங்கையின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்தாள்: 'உனக்கு முன்னாடியே தெரியுமா?' ஐவி பெர்சியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

ரெஜ் எழுந்தான். கையில் கொடுத்த கப்பைக் கீழே வைத்தான். நாற்காலி மேல் ஏறி நின்றான். கனத்த ஆள். நாற்காலி முனகியது.

"எல்லாரும் கேளுங்க! அன்னிக்குத் தெருவுல நின்னு கத்தினேன். அதே குரல்ல இப்பவும் கத்தறேன். நார்மன் வீட்லேர்ந்து ஒரு வார்த்தை கசியல. தாளைப் பாத்தவளா இருந்தா முதல்னு சொல்லிட்டு இந்தக் கப்பைத் தூக்கிட்டுப் போயிருப்பா. சொன்னாளா?" மூச்சு வாங்கினான். "நான் சொன்னது தப்பு. நார்மன், அடுத்த ஃபைனலுக்கும் நீயே தாள் வை. சாப்பிடறதைப் பத்தி மட்டும் கேக்காத!"

ஹால் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும். கப்பு கிடைத்தவர்களுக்கு அன்று அவ்வளவு கைதட்டல் விழவில்லை. ரெஜ்ஜின் மனைவி ஐவியிடம் வந்து, "அந்தப் பைல என்னதான் போட்டா உங்கக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

*

மழை விட்டிருந்தது. மூர் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி தெருவிளக்குகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. நார்மன் ஐவியின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவள் முதல் காரியமாக அவன் கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டாள்.

பேசாமல் இருந்து பழகிவிட்ட நார்மன்தான் முதலில் கேட்டான்.

"ஆல்மா கோவமா இருப்பாளா?"

"ரெண்டு நாளைக்கு இருப்பா. அப்புறம் அடுத்த வருஷத்துக்கு ஆரம்பிச்சுடுவா. அந்த மாவை என்ன பண்ணின?"

"அடுப்புல வெச்சேன். கல்லாயிடுச்சு. பூனைகூட மோந்து பாக்கல."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் சாவியை வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றான்.

"வாராவாரம் சொன்னேனே, ஐவி. தட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னேனே. நான் முதல்னுதான் எழுதியிருப்பேன்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியும்."

"தப்புன்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷம் ஒரு தடவைகூட நீ சொல்லல?"

ஐவி அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக் கதவில் போட்டுத் திருகினாள்.

"நீ எப்பவும் சொல்லத்தானே செஞ்ச, நார்மன்? கேக்கவே இல்லையே."